இஆர்பிநெக்ஸ்ட்: வொர்க் ஆர்டர் முடித்தால் காப்பர் மைனஸில் போகிறது, ஸ்டேட்டர் குறையவே மாட்டேன் என்கிறது

மோனோபிளாக்_ஸ்டோர்ஸ்:

வணக்கம். கோவையில் அரை எச்பி மோனோபிளாக் பம்ப் யூனிட். இஆர்பிநெக்ஸ்ட் (ஸ்டாக், உற்பத்திக் கணக்கு சாஃப்ட்வேர்) வெர்ஷன் 15. வைண்டிங்கும் இங்கேயேதான். ஸ்டேட்டருக்கு (மோட்டாரில் சுழலாமல் நிற்கும், காப்பர் சுற்றிய பகுதி) தனி பிஓஎம் (ஒரு பொருளுக்கு என்னென்ன, எவ்வளவு சேரும் என்ற பட்டியல்), தனி வொர்க் ஆர்டர் (உற்பத்தி ஆணை). ஒரு ஸ்டேட்டருக்குக் காப்பர் வயர் 0.9 கிலோ என்று போட்டிருக்கிறோம். பம்ப் பிஓஎம்மில் வைண்டிங் முடிந்த ஸ்டேட்டர் 1, ரோட்டர் 1, 6202 பேரிங் 2, இம்பெல்லர் 1, மெக்கானிக்கல் சீல் 1, கெப்பாசிட்டர் 1, கொஞ்சம் லாக்கிங் காம்பவுண்டு (பாகங்கள் தளராமல் பிடிக்கும் திரவம்).

மேனுஃபேக்சரிங் செட்டிங்ஸில் பேக்ஃப்ளஷ் (உற்பத்தி முடிந்ததும் மூலப்பொருளை ஸ்டாக்கில் கழிப்பது) 'பிஓஎம்' அடிப்படையில் இருக்கிறது. 50 பம்ப் முடித்து 'ஃபினிஷ்' கொடுத்தால் பேரிங், சீல் எல்லாம் சரியாகக் கழிகிறது. ஸ்டேட்டர் மட்டும் குறைவதில்லை, அதற்குப் பதில் காப்பரில் 45 கிலோ போய்விடுகிறது. ரேக்கில் ஸ்டேட்டர் காலி, சிஸ்டத்தில் குவிந்து கிடக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். காப்பர் நிஜத்தில் 0.92, 0.95 என்று ஓடுகிறது, அதை எப்படிக் கழிப்பது? காம்பவுண்டு ஒரு பம்புக்கு 0.3 மில்லி, பிஓஎம்மில் 0.0003 லிட்டர் என்று போட்டால் கழிவதே இல்லை.

பிஓஎம்_பார்வையாளர்:

காப்பர் இரண்டு தடவை கழியுதுங்க. ஸ்டேட்டர் வொர்க் ஆர்டரில் ஒருமுறை, பம்ப் வொர்க் ஆர்டரில் மறுபடியும். காரணம் வொர்க் ஆர்டரில் இருக்கும் 'யூஸ் மல்டி லெவல் பிஓஎம்' டிக். அது புது வொர்க் ஆர்டரில் தானாகவே விழுந்திருக்கும். டிக் இருந்தால் ஸ்டேட்டரைப் பிரித்து அதற்குள் இருக்கும் காப்பர், லேமினேஷன், இன்சுலேஷன் பேப்பர் வரை இறங்கிக் கழிக்கும். ஸ்டேட்டரைத் தனியாக ஸ்டாக் வைக்காத கம்பெனிக்கு அது சரி. உங்களுக்கு இல்லை.

பம்ப் வொர்க் ஆர்டரில் அந்த டிக்கை எடுத்துவிட்டு, 'ரிக்வயர்டு ஐட்டம்ஸ்' பட்டியலில் ஸ்டேட்டர் வரிசை வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு சப்மிட் கொடுங்கள். ஏற்கெனவே சப்மிட் ஆனதில் பட்டியல் மாறாது. உற்பத்தி தொடங்காதவற்றை கேன்சல் செய்து புதிதாகப் போட வேண்டியதுதான்.

ஆள் மறந்துவிடுவார் என்றால் பம்ப் பிஓஎம்மில் ஸ்டேட்டர் வரிசையில் 'டூ நாட் எக்ஸ்ப்ளோடு' டிக் போட்டுப் புது வெர்ஷன் எடுக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் அந்த வரிசையில் ஸ்டேட்டரின் பிஓஎம் இணைப்பு போய்விடும், புரொடக்‌ஷன் பிளான் சப் அசெம்பிளியாக ஸ்டேட்டரை எடுக்காது. பிளான் வழியாக ஆர்டர் போடுகிறவர்கள் இதைத் தொடாதீர்கள்.

இது ஏன் இவ்வளவு நாள் அக்கவுண்ட்ஸ் கண்ணில் படவில்லை என்றால், பம்பின் அடக்க விலை பெரிதாகப் பிசகாது. ஸ்டேட்டர் போகாவிட்டாலும் அதற்குள் இருக்கும் சரக்கின் விலை போய்விடுகிறதே. வீங்குவது ஸ்டேட்டர் ஸ்டாக் மதிப்புதான்.

வைண்டிங்_லைன்:

காப்பர் விஷயம். பிஓஎம் அடிப்படையில் கழித்தால் நீங்கள் எழுதியதுதான் போகும், மெஷினில் ஓடியது போகாது. பேக்ஃப்ளஷை 'மெட்டீரியல் டிரான்ஸ்ஃபர்டு ஃபார் மேனுஃபேக்சர்' (ஸ்டோர்ஸிலிருந்து அந்த ஆர்டருக்கு அனுப்பிய அளவைக் கழிப்பது) என்று மாற்றுங்கள். இந்த செட்டிங் மொத்த கம்பெனிக்கும் ஒன்றுதான். ஆனால் வொர்க் ஆர்டரில் 'ஸ்கிப் மெட்டீரியல் டிரான்ஸ்ஃபர்' போட்டால் அந்த ஆர்டர் மட்டும் பிஓஎம் படியே கழியும். ஆகவே பம்ப் ஆர்டருக்கு ஸ்கிப் போடுங்கள், எண்ணி மாட்டுகிற சாமானுக்கு டிரான்ஸ்ஃபர் வெட்டி வேலை. ஸ்டேட்டர் ஆர்டருக்கு ஸ்கிப் வேண்டாம்.

கணக்கு இப்படி வரும். 50 ஸ்டேட்டருக்கு 47 கிலோ டிரான்ஸ்ஃபர். 20 முடித்தால் 47 × 20 ÷ 50 = 18.8 கிலோ கழியும். மீதி 28.2 அடுத்த 30க்கு நிற்கும்.

இங்கேதான் பலர் மாட்டுவது: ஸ்பூலை முழுசாக அனுப்பி 60 கிலோ என்று டிரான்ஸ்ஃபர் போட்டால், 60 கிலோவையும் அந்த 50 ஸ்டேட்டர் தலையில் கட்டிவிடும். மீதியைச் சாதாரண 'மெட்டீரியல் டிரான்ஸ்ஃபரில்' முதலிலேயே ஸ்டோர்ஸுக்குத் திருப்பினாலும் ஃபினிஷ் அதைக் கணக்கில் எடுக்காது, டபிள்யூஐபி (வேலையில் இருக்கும் சரக்கு) கோடவுனில் சரக்கு பத்தாது என்று நிற்கும். கடைசி ஃபினிஷில் டிராஃப்ட் வந்ததும் ஸ்பூலை எடை போட்டு, காலி ஸ்பூல் எடையைக் கழித்து, ஓடிய காப்பரை வரிசையில் திருத்தி சப்மிட் செய்யுங்கள். அதன் பிறகு மீதியைத் திருப்பலாம். 'வேலிடேட் காம்பொனன்ட்ஸ் அண்ட் குவான்டிட்டீஸ் பெர் பிஓஎம்' ஆனில் இருந்தால் திருத்த விடாது, அணைத்து வையுங்கள்.

வெட்டுத் துண்டு காப்பரை பிஓஎம்மின் ஸ்கிராப் பட்டியலில் விலையோடு சேர்த்துவிடுங்கள். கிலோ கணக்கில் விற்கிற பொருள், சும்மா விடாதீர்கள்.

மோனோபிளாக்_ஸ்டோர்ஸ்:

நன்றிங்க. டிக்கை எடுத்து 10 பம்புக்கு ஆர்டர் போட்டேன், ஸ்டேட்டர் சரியாக 10 குறைந்தது. பழைய தப்புக் கணக்கை எப்படிச் சரி செய்வது? காம்பவுண்டு?

ஸ்டாக்_லெட்ஜர்:

காம்பவுண்டு: தசம இலக்கம் சிஸ்டம் செட்டிங்ஸில் வழக்கமாக 3. அதனால் 0.0003 பூஜ்யமாகிவிடும். இலக்கத்தை ஏற்றினால் எல்லா ஃபார்மிலும் நீளமாக வரும், நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டாக் யூனிட்டை மில்லி ஆக்குங்கள். என்ட்ரி விழுந்த ஐட்டத்தில் மாற்ற விடாது, புது ஐட்டம் கோடு திறந்து, 50 மில்லி பாட்டிலாக வாங்கினால் கன்வெர்ஷன் 50 போடுங்கள்.

பழைய கணக்கு: மாதக் கணக்கு முடித்துவிட்டீர்கள் என்றால் பழைய என்ட்ரிகளைக் கேன்சல் செய்யப் போகாதீர்கள். உற்பத்தியை நிறுத்திவிட்டு காப்பரையும் ஸ்டேட்டரையும் எண்ணி, ஸ்டோர்ஸ், டபிள்யூஐபி இரண்டுக்கும் 'ஸ்டாக் ரீகன்சிலியேஷன்' போடுங்கள். ஸ்பூலில் பாதி இருப்பதையும், டெஸ்டில் கருகி ஓரமாக வைத்த ஸ்டேட்டரையும் தனியே எண்ணுங்கள், அதை நல்ல ஸ்டாக்கில் சேர்க்காதீர்கள். வித்தியாசம் 'ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட்' கணக்கில் விழும், ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மைனஸ் எல்லாம் தீர்ந்ததும் 'அலோவ் நெகட்டிவ் ஸ்டாக்' அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்ததால்தான் காப்பர் சத்தமில்லாமல் மைனஸில் போனது. அணைத்த முதல் வாரம் சரக்கு இருந்தும் 'போதாது' என்று எரர் வரும். பெரும்பாலும் நேரம்தான் காரணம்: பேரிங் காலையில் வந்திருக்கும், பர்ச்சேஸ் ரசீது மாலை 5 மணிக்குப் போட்டிருப்பார்கள், ஃபினிஷ் மதியம் 3 மணிக்கு என்று இருக்கும். ரசீதில் 'எடிட் போஸ்டிங் டேட் அண்ட் டைம்' டிக் போட்டு, சரக்கு இறங்கிய நேரத்தைக் கொடுத்தால் போய்விடும்.