புதுப்பிப்பு: அண்ணனுக்குச் சிறுநீரகம் கிடைத்துவிட்டது

அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்காக அரசுப் பட்டியலில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அழைப்பு வந்தது. அண்ணிக்குக் கை நடுங்கி, சாவி பூட்டுக்குள் நுழையவே இல்லை.

புதுச் சிறுநீரகத்தை வலது அடிவயிற்றில் வைத்திருக்கிறார்கள். பழைய இரண்டும் அப்படியே இருக்கின்றன. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவான கிரியேட்டினின் 9-லிருந்து 1.3-க்கு இறங்கிவிட்டது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை காலையும் இரவும், நேரம் தவறாமல், வாழ்நாள் முழுக்க. அதெல்லாம் சரி, முந்தாநாள் அண்ணன் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தார். சிறுநீரகம் வேலை செய்யாததால் மூன்று வருடமாக டம்ளரில் அளந்து குடித்த மனுஷன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றவர் அழுதுவிட்டார்.

கொடுத்தவர் யாரென்று சொல்ல மாட்டார்கள், அதுதான் விதி. உறுப்பு தந்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்ததே, அந்த வீட்டுக்கும் அந்த மரியாதை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பறிகொடுத்து நின்ற அந்த நேரத்திலும், முகம் தெரியாத எங்களுக்காகச் சம்மதித்தார்களே! அவர்கள் காலில் விழ வேண்டும். அப்புறம், அம்மா இப்போது விளக்கேற்றும்போது அந்தப் பெயர் தெரியாத பிள்ளைக்கென்று தனியாக ஒரு திரி போடுகிறார்.