மறுமொழி: சார்கோபீனியாவுக்குத் தமிழ்: தேய்வா, நலிவா, முற்றலா?

ஐயா, வணக்கம்.

> 'தசைத்தேய்வு' என்றாலே எல்லாருக்கும் புரிகிறதே. புதுச்சொல் எதற்கு?

புரிகிறது. ஆனால் தப்பாகப் புரிகிறது என்பதுதான் என் குறை. நாம் பெயர் தேடுவது, வயதானால் தசையும் அதன் வலுவும் குறைகிற சார்கோபீனியாவுக்கு. பரம்பரையாக வரும் டிஸ்ட்ரோபி நோயைப் பலரும் ஏற்கெனவே தசைத்தேய்வு என்றுதான் எழுதுகிறார்கள். மாவுக்கட்டு பிரித்ததும் கால் குச்சியாகத் தெரிகிறதே, அதற்கு ஊரில் 'சூம்பிப்போச்சு' என்ற அருமையான சொல் இருக்கிறது. இப்படித் தசை மெலிவதற்கு மருத்துவர்கள் சொல்லும் அட்ரோபிக்குச் 'சூம்பல்' என்றே வைத்துக்கொள்ளலாம். வயதானால் தசைக்கு வருவதில் சூம்பலும் உண்டு, அதற்கு மேலும் உண்டு.

அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் 1989-இல் சார்கோபீனியா என்ற பெயரை முன்வைத்தபோது, சதை, பற்றாக்குறை என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டினார். அளவு குறைகிறது என்பதோடு சொல் நின்றுவிட்டது. தசை குறைவதைவிட அதன் வலு வேகமாகக் குறைகிறது என்று பிறகு தெரிந்தது. அதற்கென்றே 2008-இல் 'டைனபீனியா' என்று இன்னொரு பெயர் வந்தது. ஐரோப்பிய வல்லுநர் குழுவின் 2019 வரையறையில் வலுக்குறைவுதான் முதல் அடையாளம். கிரேக்கத்தில் விட்டுப்போனதைத் தமிழிலும் ஏன் விட வேண்டும்?

வலு ஏன் முந்திக்கொண்டு போகிறது? எஞ்சி நிற்பது பழைய தசை இல்லை. தசையில் முக்கால் பங்கு தண்ணீர். மூப்பில் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் குறைந்து, வெளியே இருப்பதன் பங்கு கூடுகிறது. தசை அளவை எக்ஸ்-கதிரால் கணக்கிடும் டெக்சா ஸ்கேன் இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கொழுப்பில்லாத் திசுவில் சேர்த்துவிடும். ஆகவே எண் நன்றாக இருந்தும் பிடி தளர்ந்திருக்கலாம். இழைகளுக்கு நடுவிலும் உள்ளேயும் கொழுப்பு ஏறுகிறது. சிடி படத்தில் அந்தத் தசை கறுத்துத் தெரியும். சட்டென்று சுருங்கி வலு தரும் விரைவு இழைகள்தான் முதலில் மெலிகின்றன. செல்லால் செரிக்க முடியாத லிப்போஃபஸ்கின் என்ற கழிவு பழுப்புப் படிவாகத் தங்குகிறது. இதற்கு 'மூப்புநிறமி' என்று போட்டு வைத்திருக்கிறேன்.

இனி கொலாஜன், அதாவது தசையைச் சுற்றியுள்ள உறையின் நார்ப்புரதம். என் சொல் பிறந்தது கறிக்கடையில். இளங்குட்டிக் கறி மூன்று விசிலில் வெந்துவிடும். கிழட்டு ஆட்டுக் கறி ஆறு விசிலுக்கும் மசியாது. 'முத்தல் கறி சார், குக்கரைக் குறை சொல்லாதீங்க' என்பார் கடைக்காரர். கொலாஜன் இழைகளுக்கு இடையே இளமையில் இருக்கும் குறுக்குப் பிணைப்புகள் சூட்டில் அவிழ்ந்து கூழாகிவிடும். வயது ஏற ஏற அவை சூட்டுக்கும் அசையாத பிணைப்புகளாக மாறுகின்றன. போதாததற்கு, நொதியின் உதவி இல்லாமலே சர்க்கரை புரதத்தில் ஒட்டி இன்னும் பல முடிச்சுகளைப் போடுகிறது. தோசை முறுகிச் சிவக்கிறதே, அதே வகை வினைதான், உடல் சூட்டில் வருடக்கணக்காக நடக்கிறது. மனிதத் தசையின் உறையிலும் இதே கதைதான்.

ஆகவே என் முன்மொழிவு: தசைமுற்றல்.

---

ஐயா, வணக்கம். நான் உடலியக்கச் சிகிச்சை செய்பவள். சொல் அழகாக இருக்கிறது, ஆனால் நோயாளியிடம் செல்லுபடியாகாது. தாத்தாவின் கை தொளதொளவென்று தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே 'முற்றல்' என்றால் யார் நம்புவார்கள்? அப்புறம், 'முற்றிவிட்டது' என்று காதில் விழுந்தாலே வீட்டார் அழ ஆரம்பித்துவிடுவார்கள். கைவிட வேண்டிய நோய் என்று நினைப்பார்கள். எடை தூக்கும் பயிற்சி செய்தால் எண்பது வயதிலும் வலு கூடுகிறது. அந்த நம்பிக்கையைக் கெடுக்காத சொல்லாகப் பாருங்கள்.

---

அம்மா, நோய் முற்றுவது எனக்குத் தோன்றவே இல்லை. பிடித்துக்கொண்டீர்கள். தொளதொளப்புக்கு மட்டும் ஒரு பதில் உண்டு: தொங்குவது தோலும் கொழுப்பும், விறைப்பது உள்ளே இருக்கும் உறை. ஆனால் இதைப் படுக்கையருகே நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாதுதான்.

சரி, இப்படிப் பிரித்துக்கொள்வோம். நோயின் பெயர் 'மூப்புத் தசைநலிவு'. நலிவு என்றால் அளவும் அடங்கும், வலுவும் அடங்கும். நலிந்தவர் தேறவும் வழி உண்டு. புற்றுநோயாலோ படுக்கையில் கிடந்தோ வருவதிலிருந்து பிரித்துக்காட்டத்தான் முன்னால் 'மூப்பு'. 'தசைமுற்றல்' பாடநூலோடு நிற்கட்டும், அதுவும் கொலாஜன் பிணைப்பு இறுகுவதற்கு மட்டும். கொழுப்பு ஏறுவதைத் 'தசைக்கொழுப்பேற்றம்' என்றே சொல்லலாமா? நீளம்தான். யாராவது சுருக்கிக் கொடுங்கள்.

சூம்பலுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அதை இன்றே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.