ஏர்கன் வேலைக்குப் பயிற்சிச் சான்றாக எதைக் காட்டுவது?

தானியக் கிடங்கு ஒன்றில் புறாக்களை ஏர்கன் வைத்துக் கட்டுப்படுத்தும் வேலை. என் பாதுகாப்பு ஆவணங்களை அங்குள்ள பாதுகாப்பு அதிகாரி இரண்டு முறை திருப்பிவிட்டார். மூன்று வாரமாக வேலை தொடங்கவில்லை, மூட்டைகள் மேல் எச்சம் விழுந்துகொண்டே இருக்கிறது.

துப்பாக்கி 5.5 மி.மீ. பிசிபி, அதாவது முன்கூட்டியே அடைத்து வைத்த அழுத்தக் காற்றில் சுடும் வகை. தகரக் கூரை, இரும்பு உத்தரங்கள், தூரம் 15 முதல் 25 மீட்டர். ஆள் இல்லாத இரவில்தான் சுடுவேன்.

முதலில் பொதுவான படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தேன். "இது எந்தக் கிடங்குக்கும் பொருந்துமே" என்றார். அவர் சொன்னது சரிதான். அப்புறம் வரைபடத்தில் நிற்கும் இடம், சுடும் கோணம், குண்டு போய் நிற்கும் பின்தடுப்பு எல்லாம் குறித்தேன். தானியத்தில் ஈயம் கலக்கக் கூடாதென்று ஈயமில்லாத குண்டுக்கு மாறினேன். அது கடினம், இரும்பில் பட்டால் அதிகம் தெறிக்கும். அதனால் உத்தரத்தில் உட்கார்ந்த பறவையைச் சுடுவதில்லை என்றே எழுதிவிட்டேன். அதை ஏற்றுக்கொண்டார்.

மிச்சம் பயிற்சிப் பகுதி மட்டும். ஒன்பது வருட அனுபவம் என்று எழுதிய வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "சான்று எங்கே?" என்று கேட்டிருக்கிறார். 20 மீட்டரில் சுட்ட இலக்குத் தாள்கள் தேதியோடு இருக்கின்றன, சாட்சிக் கையெழுத்து இல்லை.

இதே வேலை செய்பவர்கள் பயிற்சிச் சான்றாக எதைக் கொடுத்து ஒப்புதல் வாங்கினீர்கள்?