முதல் பேஸ், முதல் மேடை

நான்: நம் குடும்பக் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரி மெல்லிசைக் குழுவில் பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார், வாசித்துவந்த அண்ணா படிப்பை முடித்துச் சென்றுவிட்டதால், இதுவரை கிட்டார் வாசித்த என்னை அந்த இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அடுத்த மாதம் ஆண்டு விழாவில் பழைய பாடல்களையும் புதிய பாடல்களையும் கலந்து வாசிக்கிறோம். முப்பதாயிரம் ரூபாய் வரை தருவதாக அம்மா சொல்லியிருக்கிறார். திருச்சி மாமா, நான்கு கம்பி வாங்குவதா, ஐந்து கம்பி வாங்குவதா? எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

திருச்சி மாமா: மிகவும் மகிழ்ச்சி, கண்ணு. நான்கு கம்பியே வாங்கு. ஐந்தாவது கம்பியான தாழ்ந்த பி (B) சுரம் சுமார் 31 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கல்யாண மண்டபங்களிலும் கல்லூரி அரங்குகளிலும் வாடகைக்கு வரும் ஒலிபெருக்கிகளில் பல அந்த ஆழத்தைத் தெளிவாகத் தருவதில்லை. ஒரு குமுறல்தான் கேட்கும். ஐந்து கம்பியின் உண்மையான பயன், பாடுபவர் ஸ்ருதியை மாற்றச் சொல்லும்போது கையை அதிகம் நகர்த்தாமல் அதே விரலமைப்பில் வாசிக்க முடிவதுதான். மேடையில் அது பெரிய வசதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாசிக்காத கம்பிகள் கூடவே முனகாமல் அடக்கி வைக்கும் வேலையும் அதனுடன் கூடிவிடுகிறது, கிட்டாரிலிருந்து வரும் உனக்கு முதலில் கைவர வேண்டியதே அந்த அடக்கம்தான்.

திருச்சி மாமா: பணம் முழுவதையும் கருவியிலேயே போட்டுவிடாதே. ஒரு பங்கை நல்ல கேபிள், அகலமான ஸ்ட்ராப், கிளிப் டியூனர், கனமான பை, ஒரு செட் கம்பி ஆகியவற்றுக்கும், கருவியைச் சரிசெய்து தரும் ஆளின் கூலிக்கும் ஒதுக்கி வை. கம்பியின் உயரமும் கழுத்தின் வளைவும் சரியாக அமைந்த சாதாரண பேஸ், கடையில் தொங்கியபடியே எடுத்துவந்த விலையுயர்ந்த பேஸைவிட நன்றாகப் பேசும்.

அம்மா: தம்பி, இவளுடைய கை சிறியது. கிட்டார் வாசிக்கும்போதே சுண்டுவிரல் வலிக்கிறது என்பாள். பேஸின் கழுத்து இன்னும் நீளம் அல்லவா?

திருச்சி மாமா: ஆமாம் அக்கா. கிட்டாரில் அதிரும் கம்பியின் நீளம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் என்றால், வழக்கமான பேஸில் அது 34 அங்குலம், அதாவது 86 சென்டிமீட்டர். ஆனால் 30 அங்குல நீளத்திலும் பேஸ்கள் உண்டு. அவற்றைக் குழந்தைகளுக்கானவை என்று சில கடைகளில் ஒதுக்கிப் பேசுவார்கள், அதை நம்ப வேண்டாம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்துப் புகழ்பெற்ற வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸும் அத்தகைய குறுகிய நீளமுடையதே. இரண்டையும் தோளில் மாட்டி நின்று, முதல் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஐந்தாவது வரை அவளே வாசித்துப் பார்த்து முடிவு செய்யட்டும். உட்கார்ந்து பார்த்து வாங்கினால், நிற்கும்போது கழுத்துப் பக்கம் கீழே சரிகிற கருவி வீட்டுக்கு வந்துவிடும்; பிறகு இடக்கை வாசிப்பதை விட்டுவிட்டுக் கழுத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கும்.

சென்னை அண்ணன்: சித்தி, கை சிறியது என்பதற்கு, பெரிய வயலின் போன்ற டபுள் பேஸை நிறுத்திவைத்து வாசிக்கும் என்னைப் போன்றவர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். எங்கள் கருவியில் கம்பியின் நீளம் ஒரு மீட்டருக்கும் மேல்; 105 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றால் மூன்று அரைச்சுரங்களை மட்டும் பிடிப்போம். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக அதனுடன் சேர்ந்தே அழுத்தும். சிமாண்டல் முறை என்று இதைச் சொல்வார்கள். பேஸ் கிட்டாரிலும் முதல் ஐந்து ஃப்ரெட்டுகளுக்குள் இப்படியே வாசிக்கலாம். தங்கையே, விரல்களை விரித்து எட்டுவதற்குப் பதிலாக முன்கையோடு சேர்த்து நகர்த்து. கட்டைவிரல் கழுத்தின் பின்னால் தளர்வாக இருக்கட்டும். வலி என்பது பழகப் பழகப் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதே; வலித்தால் உடனே நிறுத்திவிட்டுக் கையின் அமைப்பைப் பார்.

பெரியம்மா: நீ முதலில் கற்றுக்கொண்ட அந்தப் பெரிய பேஸ் சும்மாதானே நிற்கிறது? அதையே இவளுக்குக் கொடுத்துவிடலாமே.

சென்னை அண்ணன்: அம்மா, கொடுப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் விடுதி அறையில் அது தாங்காது. மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையில் பசையில்லாமல், அழுத்தத்தால் மட்டும் நிற்கும் சவுண்ட்போஸ்ட் என்ற சிறு மரக்குச்சிதான் ஒலியை உள்ளே கடத்துகிறது. கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் அது சாய்ந்துவிடலாம். பிறகு அதை நிமிர்த்தத் தெரிந்தவரைத் தேட வேண்டும். ஏசி அறையிலிருந்து கடற்கரைக் காற்றுக்கும் அங்கிருந்து மறுபடியும் ஏசிக்கும் மாறிக்கொண்டே இருந்தால் பலகையின் ஒட்டு விடும். மேலும் டிரம்ஸும் கீபோர்டும் முழங்கும் மேடையில் டபுள் பேஸை ஒலிபெருக்கியுடன் இணைத்தால், அதன் வயிற்றுப் பலகையே அந்த ஒலியை வாங்கி மறுபடியும் ஊளையிடத் தொடங்கும். ஊர் ஊராகத் தூக்கிச் செல்லும் சிரமம் வேறு. 1951இல் லியோ ஃபெண்டர் ஃப்ரெட் வைத்த மின் பேஸைக் கொண்டுவந்தபோது நடனக் குழுக்களில் வாசித்தவர்கள் அதை விரும்பி எடுத்துக்கொண்டதற்கு இந்தச் சிரமங்கள்தான் காரணம். விடுமுறையில் அவள் இங்கே வந்தால் வில்லைப் பிடிக்கக் கற்றுத் தருகிறேன். வில்லில் ஒரு சுரத்தை ஒரே அளவில் நீட்டிப் பழகிய கைக்கு, அதே சுரத்தை எங்கே வெட்டுவது என்பதும் தானாகவே தெரிய வரும்.

நான்: நன்றி அண்ணா, டிசம்பரில் வருகிறேன். மாமா, பயிற்சியில் எனக்குக் குழப்பமாக இருப்பது வேறொன்று. தப்பில்லாமல் வாசிக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் தபலா வாசிக்கும் நண்பர் “இடித்துக்கொண்டே இருக்கிறாய்” என்கிறார். பதிவு செய்து கைப்பேசியில் கேட்டால் பேஸே கேட்பதில்லை.

திருச்சி மாமா: இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தாழ்ந்த ஈ (E) கம்பி 41 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அதைத் தரவே முடியாது, அதனுடன் சேர்ந்தெழும் உயர்ந்த மேல்சுரங்களை மட்டும்தான் அது தருகிறது. காதில் நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக் கேள். இளையராஜாவின் 1980களின் பாடல்களையும், ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றையும் அப்படிக் கேட்டால், பேஸ் எங்கே பேசுகிறது என்பதைப் போலவே எங்கே வாயை மூடுகிறது என்பதும் தெரியும்.

திருச்சி மாமா: உன் நண்பர் சொல்வது மிகச் சரி, அதுதான் இந்த வேலையின் உயிர். நம் மெல்லிசையில் தபலாவின் இடப்பக்கமான பாயாவும், டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக்கும், பேஸும் ஒரே ஆழத்தில் ஒலிப்பவை. நீ ஒரு சுரத்தைத் தொடங்கிவிட்டு அடுத்த சுரம் வரும்வரை ஒலிக்க விட்டால், பாயாவில் வளைந்தெழும் ஆழ்ந்த ஒலியான கும்கிக்கு இடமே இருக்காது. எல்லாம் சேர்ந்து ஒரே சேறாகிவிடும். எந்தச் சுரம் என்பதை எல்லோரும் சொல்லித் தருவார்கள், அந்தச் சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70 அடி என்று வைத்துக்கொள். ஒரே சுரத்தை முதல் அடியில் தொட்டு, இரண்டாவது அடி விழும் அதே நொடியில் இடக்கை விரலை மெல்லத் தூக்கி நிறுத்து. விரலைக் கம்பியிலிருந்து முழுவதும் எடுக்காதே, எடுத்தால் வெறும் கம்பி முனகும். அழுத்தத்தை மட்டும் விடு. இது கைவந்த பிறகு பாதி அடியில் நிறுத்து, பிறகு முக்கால் அடியில். மும்மூன்று அடிகளாக, திஸ்ரத்தில் ஓடும் பாடல்களில் முதல் அடியையும் நான்காவது அடியையும் மட்டும் வாசித்துவிட்டு மற்றவற்றைத் தபலாவுக்கு விட்டுக்கொடுத்துப் பார். அடுத்த ஒத்திகையில் அவரே உன்னைத் தேடிவந்து பாராட்டுவார்.

திருச்சி மாமா: பழைய பாடல்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பாத்திரம் தேய்க்கும் புதிய ஸ்பாஞ்சை விரலளவு அகலத்துக்கு வெட்டி, கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டி, அவற்றுக்கு அடியில் செருகு. ஒவ்வொரு சுரமும் ‘தும்’ என்று எழுந்து விரைவில் அடங்கிவிடும், டபுள் பேஸை விரலால் மீட்டிய காலத்துப் பதிவுகளின் சாயல் வரும். அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனத்தின் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸிலும் பிரிட்ஜ் மூடிக்குள் இத்தகைய பஞ்சு இருந்தது. டபுள் பேஸில் தொடங்கிய அவர், பேஸ் கிட்டாரையும் வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார்.

நான்: இப்போதே ஸ்பாஞ்சு வாங்கி வருகிறேன், மாமா. ஆண்டு விழாவுக்கு ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வாங்க வேண்டுமா? குழுவில் கிட்டார் ஆம்ப் ஒன்று இருக்கிறது.

திருச்சி மாமா: கிட்டார் ஆம்பில் அறைக்குள் மெதுவாக வாசிக்கலாம். மேடை அளவுக்கு ஒலியை ஏற்றினால் அதன் ஸ்பீக்கர் கோன் கிழிந்துபோக வாய்ப்பு உண்டு. விழாவுக்கு, கருவியின் மின்சைகையை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் டி.ஐ. பெட்டி வழியாக நேரே மிக்ஸருக்குப் போ, பெட்டியை ஒலியமைப்பாளரே வைத்திருப்பார். முந்தைய நாளே கேட்டு உறுதி செய்துகொள். மேடையில் உன் பக்கம் திருப்பி வைக்கும் மானிட்டர் ஒலிபெருக்கியில் உனக்குக் கிக்கும் பாடுபவரின் குரலும் கேட்டால் போதும் என்று சொல். டிரம்ஸில் காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட்டின் பக்கம் நின்றால் டிரம்ஸ் வாசிப்பவரின் காலும் உன் கண்ணில் படும். பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பேஸ் வாங்கினால், வாசிக்காத நேரத்தில் ஜாக்கைப் பிடுங்கி வை. செருகியிருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

சென்னை அண்ணன்: காதுக்கு இசைக்கலைஞர்களுக்கான இயர்பிளக் வாங்கிக்கொள். சிம்பல் அருகே நிற்கப் போகிறாய், கெட்ட செவியை மீட்க முடியாது.

அம்மா: தம்பி, மேடையில் மைக்கைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எனக்குப் பயமாக இருக்கிறது.

திருச்சி மாமா: பயப்பட வேண்டிய விஷயம்தான், அக்கா. எர்த் சரியில்லாத இடத்தில் ஒரு கை கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்டால் மின்சாரம் உடல் வழியாகப் பாயும். எர்த் பின்னை உடைத்த பிளக்கையோ, இரண்டு ஓட்டை மட்டும் உள்ள நீட்டிப்பு வயரையோ மேடையில் பார்த்தால், கருவியை மாட்டாமல் மின்பணியாளரை அழைக்கச் சொல்லுங்கள். எல்லோருடைய கருவிகளுக்கும் ஒலியமைப்புக்கும் ஒரே இடத்திலிருந்து, எர்த் உள்ள இணைப்பு வர வேண்டும். நிகழ்ச்சி தாமதமானாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நான்: சரி மாமா, கண்டிப்பாகப் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை கடைக்குப் போகிறோம். பேஸின் படங்களை உங்களுக்கு அனுப்பட்டுமா?

திருச்சி மாமா: படத்தில் ஒன்றும் தெரியாது. ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பார். விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் நல்லது. விரலே நுழைந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு வரும் ஹார்மோனிக்கும், அதே இடத்தில் அழுத்தி வரும் சுரமும் டியூனரில் ஒன்றாக நிற்கின்றனவா என்று நான்கு கம்பிகளிலும் பார். கொஞ்சம் விலகினால், பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலை நகர்த்திச் சரிசெய்யலாம். பிறகு ஆம்பில் இணைத்து எல்லா ஃப்ரெட்டுகளையும் ஒவ்வொன்றாக வாசித்து, குமிழ்களையும் திருகிப் பார்த்து, அதைப் பதிவு செய்து அனுப்பு. நான் ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். அதன் பிறகு பணம் கொடு.