ஒரே பட்டாலியனில் இரு கணவர்கள்: தோழி விலகிப் போவது ஏன்?

கேள்வி: செகந்திராபாத்திலிருந்து ஒரு ராணுவ நாயக்கின் மனைவி

அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் பட்டாலியன் லடாக்கிற்கு ஃபீல்ட் போஸ்டிங் (குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல முடியாத எல்லைப் பணி) சென்றிருப்பதால், பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்து நான் செகந்திராபாத்தில் எஸ்.எஃப். குவார்ட்டர்ஸில் (கணவரைப் பிரிந்திருக்கும் ராணுவக் குடும்பங்களுக்கான குடியிருப்பில்) தங்கியிருக்கிறேன். எதிர்வீட்டுத் தோழி ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். அவருடைய கணவரும் அதே பட்டாலியன்தான். நான் இந்தியில் தட்டுத் தடுமாறிய காலத்தில் எம்.எச்.சுக்கு (ராணுவ மருத்துவமனைக்கு) உடன் வந்து டாக்டரிடம் எனக்காகப் பேசியவர் அவர். கோடையில் அவர்கள் வீட்டுப் பகாளாவும் நம் பழைய சோறும் ஏறக்குறைய ஒன்றே என்று தெரிந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்கிறார்கள்.

இப்போது என் கணவருக்கு மலைக்குக் கீழே உள்ள முகாமில், எம்.டி. (வாகனப்) பிரிவில் வேலை என்பதால் பெரும்பாலும் மாலையில் அழைத்துவிடுகிறார். தோழியின் கணவரோ மலைமேல் ஒரு போஸ்டில் (காவல் நிலையில்) இருக்கிறார். அங்கிருந்து எப்போது அழைப்பு வரும் என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் “தீதி, ஏதாவது தெரிந்ததா?” என்று கேட்டுக்கொண்டு வருவார். இப்போது என் கைப்பேசி ஒலித்தாலே எழுந்து வீட்டுக்குள் போய்விடுகிறார். அழைப்பு வருவதையே அவரிடம் மறைத்துவிடலாமா? அல்லது அவருடைய கணவரைப் பற்றி என் கணவரிடம் தினமும் விசாரித்துச் சொல்வது நல்லதா?

பதில் 1: ஓய்வுபெற்ற ஹவில்தாரின் மனைவி, வேலூர்

தங்கைக்கு வணக்கம். மறைக்க வேண்டாம், குவார்ட்டர்ஸ் சுவருக்குள் எதையும் மறைக்க முடியாது. அதைவிட முக்கியம், உங்கள் கணவரைச் செய்தி கொண்டுவருபவராக ஆக்காதீர்கள்.

1999-இல் கார்கில் போர் நடந்தபோது எங்களுக்கு 56 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) முத்திரையிட்ட இன்லேண்டு கடிதங்கள்தான் எல்லாம். எழுதியவர் அதன் பிறகு எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்பது படிக்கும்போது யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமை ஃபேமிலி லைன்ஸில் (குடும்பக் குடியிருப்பில்) இருந்த எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருந்ததால், ஒருவர் தோளில் மற்றவர் சாய முடிந்தது. கைப்பேசி வந்த பிறகுதான் காத்திருப்பதிலேயே ஏற்றத்தாழ்வு உண்டாகிவிட்டது. உங்கள் தோழி விலகுவதற்குக் காரணம் உங்கள் மேல் உள்ள மனக்கசப்பு அல்ல, இந்த ஏற்றத்தாழ்வுதான் என்றே நான் நினைக்கிறேன்.

விசாரித்துச் சொல்வதில் உள்ள ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். அவர்களில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் ஆறு நாட்களுக்குப் பிறகு உயிருடன் மீட்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அந்த நாட்களில் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும் ஒன்று சொல்ல, உறவினர்கள் வேறொன்று சொல்ல, அந்தப் பட்டாலியனோடு தொடர்பே இல்லாத எங்கள் தெருவில்கூடப் பெண்கள் நிலைகொள்ளாமல் தவித்தார்கள். இன்று நீங்கள் “நன்றாக இருக்கிறாராம்” என்று தினமும் சொல்லிப் பழக்கிவிட்டால், ஏதோ ஒரு நாள் உங்கள் கணவருக்கு அழைக்க நேரமில்லாமல் போகும்போது, நீங்கள் வாய் திறக்காததையே உங்கள் தோழி கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்வார். செய்தி எதுவானாலும் அது பட்டாலியன் வழியாகவே அந்த வீட்டை அடையட்டும்.

பதில் 2: கடற்படை மாலுமியின் மனைவி, விசாகப்பட்டினம்

வேலூர் அக்கா சொன்னதில் பாதியை மட்டுமே நான் ஏற்கிறேன். இங்கே நீர்மூழ்கிக் கப்பலில் பணிபுரிபவர்களின் குடும்பங்கள் நிறைய உண்டு. கப்பல் நீருக்கடியில் இருக்கும் நாட்களில் எந்த வீட்டுக்கும் அழைப்பு வராது என்பதால் உங்கள் சிக்கல் எங்களுக்கு இதே வடிவில் வருவதில்லை. ஆனாலும் கப்பல் புறப்படுவதற்கு முன்பே நானும் என் தோழியும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்கிறோம்: காதில் விழும் வதந்தியைச் சொல்ல வேண்டுமா வேண்டாமா, நள்ளிரவில் கதவைத் தட்டலாமா, பிறந்த வீட்டுக்கு யார் தகவல் சொல்வது என்பதையெல்லாம். நீங்களும் அவரிடம் நேராகவே கேளுங்கள். சிலருக்கு ஒரு வரிச் செய்தி ஆறுதல் தரும், சிலருக்கு அதுவே வேதனை. கேட்காமல் நாமே முடிவு செய்வது அன்பினால்தான் என்றாலும், அவருக்கு அதில் ஒரு சொல் உண்டு அல்லவா? ஆனால் அவர் எதை விரும்பினாலும், எந்த போஸ்ட், எப்போது இறங்குவார்கள் என்ற விவரங்கள் கைப்பேசியிலும் குழுக்களிலும் வரவே கூடாது.

பதில் 3: ஜவானின் மனைவி, பதான்கோட்

நான் உங்கள் தோழியின் இடத்தில் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அழைப்பு மணி எனக்குப் பொறாமையைத் தரவில்லை. அந்த மணி ஒலித்ததும் என் தோழி என்னைப் பார்த்த பார்வையில் இருந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் எனக்கு எல்லாவற்றையும் செய்தார். ராணுவக் கேன்டீன் வரிசையில் எனக்கும் சேர்த்து நின்றார், கேஸ் புக்கிங் செய்தார். என்னிடம் மட்டும் எதையும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் அவர் தன் மகனின் தடுப்பூசி அட்டையையும் டிபென்டன்ட் கார்டின் (ராணுவக் குடும்ப அடையாள அட்டையின்) நகலையும் வீட்டுச் சாவியையும் என் கையில் கொடுத்து, “ஊரில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, இவனை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து எம்.எச்.சில் ஓர் இரவு முழுக்க விழித்திருந்தபோது, பல வாரங்களுக்குப் பிறகு என்னை முழு மனுஷியாக உணர்ந்தேன். ஆகவே அவரிடம் உதவி கேளுங்கள். இந்தி பேச வேண்டிய இடங்களுக்கு மறுபடியும் அவரையே அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பள்ளியின் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர்) கூட்டத்திற்கு உடன் வரும்படி நேற்றுக் கேட்டேன்; வருகிறேன் என்றார். விசாகப்பட்டினம் சகோதரி சொன்னபடி போகும் வழியில் நேராகவே பேசப் போகிறேன். இன்னொரு கவலையும் உண்டு. தேர்வு முடிந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மாமியார் வீட்டுக்கே போய்விடலாமா என்று அவர் யோசிக்கிறாராம். தடுப்பது முறையா?

பதில் 1: வேலூர்

தடுக்க வேண்டாம், தங்கை. அவர் மாமியாருக்கும் மகன் மலைமேல் இருக்கும் கவலை உண்டு. ஆனால் போவதற்கு முன் இரண்டு வேலைகளைச் சேர்ந்து முடித்துவிடுங்கள். அவர் கணவரின் பதிவேட்டில் குடும்பம் இருக்கும் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஊர் விலாசத்திற்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள், பிறகு தகவல் காலியான வீட்டுக்கு வந்து நிற்கும். அடுத்தது, பெர்ஹாம்பூர்ப் பக்கம் அவர் ஊருக்கு அருகில் எந்த கேன்டீன், எந்த ராணுவ மருத்துவமனை, மாவட்ட சைனிக் போர்டு (படைவீரர் நல) அலுவலகம் எங்கே என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கு நாள் பிடிக்கும். அதற்கு இந்த வாரமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.