பெங்களூரு லால்பாக் பூங்காவுக்குப் போனவர்களே, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

வானூர்க்காரன்:
ஆகஸ்ட் மலர்க் கண்காட்சி. ஊரிலிருந்து வந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். கண்ணாடி மாளிகைக்குள் நுழைந்துவிடும் அவசரத்தில் முன்னால் நடக்கிறேன், திரும்பினால் ஆளைக் காணோம். தேடிப் போனால் கல்மரத்துக்கு முன் நிற்கிறார். எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவக்கரையிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்களே, 2 கோடி ஆண்டுப் பழையது, அதுதான். "இது நம்ம ஊரு மரம்டா" என்றார். மாடு மேய்த்த காலத்தில் இந்த மாதிரிக் கல்மரத்தின் மேல் உட்கார்ந்துதான் கூழ் குடிப்பாராம். நின்ற இடத்திலேயே கல்லாகிப்போன மரம் என்று பக்கத்தில் இருந்த கன்னடக்காரரிடம் தமிழிலேயே விளக்கிக்கொண்டிருந்தார். "செத்த நேரம் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றார். வரும்போது பார்க்கலாம் என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டேன். வரும்போது வேறு வாசல் வழியாக வந்துவிட்டோம். இப்போது அவருக்கு முட்டி வலி, பஸ் ஏற முடியாது.

கல்லும்மண்ணும்:
தம்பி, ஒரு திருத்தம். திருவக்கரை மரங்கள் நின்ற இடத்தில் கல்லானவை இல்லை. எல்லாம் படுத்த வாக்கில் கிடக்கின்றன, கிளையும் இல்லை வேரும் இல்லை. எங்கிருந்தோ வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்தவை என்பதற்கு அதுதான் சாட்சி. அப்புறம், வயசு என்று பார்த்தால் லால்பாக்கில் கெம்பே கவுடா கோபுரம் நிற்கும் பாறையைத்தான் சொல்ல வேண்டும். சுமார் 300 கோடி ஆண்டுகள். என் மகள் ஐந்து வயதில் ஒரு காலை அதன் மேல் கன்னத்தை வைத்துப் படுத்து, "அப்பா, பாறை தூங்குது, பேசாத" என்றாள். எழுந்தபோது கன்னம் முழுக்கப் பாறையின் சொரசொரப்பு பதிந்திருந்தது.

ஜெயநகர்வாசி:
அண்ணா, அவர் வருத்தத்தைச் சொல்லும்போது திருத்தம் எதற்கு? பெரியவர் தன் ஊரைப் பற்றிப் பேசியிருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு அங்கே அந்தப் பழைய இலவ மரம். அப்பா இறந்த வாரம் அதன் வேர் மடிப்புக்குள் போய் நின்று அழுதேன், வெளியே யாருக்கும் தெரியவில்லை.

பெரியவர்களோடு போகிறவர்களுக்கு: ஜனவரி, ஆகஸ்ட் கண்காட்சி நாட்கள் வேண்டவே வேண்டாம். வார நாளில் காலை ஏழுக்குள் போய்விடுங்கள். 240 ஏக்கர், ஒரே நாளில் சுற்ற நினைக்காதீர்கள். பாறையா, ஏரிக்கரையா, கண்ணாடி மாளிகையா, ஏதாவது ஒன்று போதும். பாறைக்கு வெயில் ஏறுமுன் போங்கள், மழை பெய்திருந்தால் ஏறவே வேண்டாம், வழுக்கும். மெட்ரோவில் லால்பாக் நிலையத்திலேயே இறங்கலாம். தண்ணீர், ஒரு துண்டு, தின்ன ஏதாவது கையில் இருக்கட்டும். அவர்கள் எங்கே உட்கார்கிறார்களோ அங்கேயே நீங்களும் உட்காருங்கள். தம்பி, திருவக்கரைக் கல்மரப் பூங்கா உங்கள் பக்கம்தானே? ஆட்டோ வைத்து அங்கே கூட்டிப் போங்களேன்.

வானூர்க்காரன்:
கேட்டுப் பார்த்தேன் அக்கா. "இங்க இருக்கறதுங்களுக்கு ஒண்ணுக்கொண்ணு தொணை இருக்குடா. அது ஒண்ணுதான் அங்க தனியாக் கெடக்குது" என்றார். அடுத்த வாரம் காலையில் நான் மட்டும் போகிறேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ கால் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார்.