செவ்வாயில் கண் விழிப்பவன் நானா? கற்பனைக் கதைகளை எதுவரை நம்பலாம்?

தராசு:
தத்துவவாதி டெரக் பார்ஃபிட் 1984-ல் எழுதிய தொலைப்பெயர்ச்சிக் கதையை வைத்து ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். தெரியாதவர்களுக்காக: எந்திரம் உங்கள் உடலை அணு அணுவாகப் பதிவு செய்து, பிறகு அழித்துவிடும். செவ்வாயில் அச்சு அசலாக இன்னொரு உடல் உங்கள் நினைவுகளோடு எழும். அது நீங்களா? இதுவரை நடக்காத ஒன்றைப் பற்றி நமக்குத் தோன்றுவதெல்லாம் எப்படி ஆதாரமாகும்? தத்துவவாதி கேத்லீன் வில்க்ஸ் 1988-லேயே கேட்டார்: அந்த உலகத்தில் கூடவே வேறு எதெல்லாம் மாறியிருக்கும் என்று சொல்லாமல் எப்படி முடிவுகட்டுவது?

அரைக்கிணறு:
நடக்காது என்பதற்காகத் தள்ளிவிட முடியாதுங்க. உராய்வே இல்லாத தளம் எங்கே இருக்கிறது? அதை வைத்துத்தானே இயற்பியலில் கணக்குப் போடுகிறோம். தத்துவவாதி ஜான் லாக் 1694-ல் இளவரசனின் ஆன்மாவைச் செருப்புத் தைப்பவர் உடலுக்குள் அனுப்பினார். நம்ம கூடுவிட்டுக் கூடு பாயும் கதைதான். 'மனிதன்' (உயிருள்ள உடல்) வேறு, 'ஆள்' (நினைவும் தன்னுணர்வும் உள்ளவர்) வேறு என்று பிரித்துக் காட்ட அது தேவைப்பட்டது. அன்றாடத்தில் இரண்டும் ஒட்டியே இருப்பதால் பிரிவு கண்ணில் படுவதில்லை.

தராசு:
உராய்வைக் குறைத்துக்கொண்டே போய்ச் சோதிக்கலாம், கணிக்க விதியும் இருக்கிறது. இங்கே இருப்பது "எனக்கு அப்படித் தோணுது" மட்டும். நிஜ ஆளைப் பாருங்கள். ஹென்றி மொலேசனுக்கு 1953-ல், 27 வயதில், வலிப்புக்காக மூளையில் அறுவை சிகிச்சை. அதன்பிறகு நடந்தது கிட்டத்தட்ட எதுவும் மனதில் தங்கவில்லை. 2008 வரை வாழ்ந்தார். நினைவுத் தொடர்ச்சிதான் ஆள் என்பவர்கள் இவருக்குப் பதில் சொல்லட்டும்.

கேள்விக்குறி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். 1970-ல் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் எழுதியதை இருவருமே விட்டுவிட்டீர்கள். இரண்டு பேரின் நினைவுகளை இடம் மாற்றுகிறார்கள், பிறகு ஓர் உடலுக்குச் சித்திரவதை. இப்படிச் சொன்னால், "ஆள் மாறிவிட்டார், என் பழைய உடம்பு அடிபட்டால் எனக்கென்ன" என்று தோன்றும்.

இப்போது வேறு மாதிரி: நாளை உன்னைச் சித்திரவதை செய்வோம். அதற்கு முன் உன் நினைவுகளை அழிப்போம். பிறகு வேறொருவர் நினைவுகளை ஏற்றுவோம். ஒவ்வொரு வரிக்கும் பயம் குறைகிறதா? எனக்குப் பயம் அதிகமாகத்தான் ஆகிறது. நிகழ்ச்சி அதேதான். சொன்ன விதம் மாறியதும் பதிலும் தலைகீழ்.

தராசு:
இதைத்தானே தொண்டை கிழியச் சொல்கிறேன்!

அரைக்கிணறு:
அவசரப்படாதீங்க. நம் உள்ளுணர்வு தடுமாறுவதை வில்லியம்ஸ் எதை வைத்துக் காட்டினார்? கற்பனைக் கதையை வைத்துத்தான். மொலேசனும் தானாகப் பதில் சொல்லமாட்டார். "எல்லா நினைவும் போயிருந்தால்?" என்று நீங்கள்தான் கேட்டாக வேண்டும். கேட்ட மாத்திரத்தில் என் பக்கம் வந்துவிட்டீர்கள்.

தராசு:
சரி, அந்த ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கொள்கையை உடைக்கக் கதை உதவும். கட்ட உதவுமா?

அரைக்கிணறு:
பார்ஃபிட் கட்டினாரே. இரண்டாம் கதையில் எந்திரம் பழைய உடலை அழிப்பதில்லை, இதயத்தைக் கெடுத்துவிடுகிறது. சில நாளில் சாவு, செவ்வாயில் நகல் சுகமாக இருக்கும். நகல் தொடர்வது ஏறக்குறைய நான் பிழைத்திருப்பதற்குச் சமம் என்கிறார். உங்களுக்கு அது ஆறுதல் தருமா?

தராசு:
தராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் கதையில் 'நான்' என்று பேசுபவன் செவ்வாயில் விழிக்கிறான். இரண்டாவதில் 'நான்' என்பவன் பூமியிலேயே நின்றுவிடுகிறான். அதே இரண்டாம் கதையை நகல் வாயால் சொல்லிப் பாருங்கள், எனக்கு ஆறுதல் தருமா என்று அப்புறம் கேளுங்கள்.